பதின்மூன்று வந்தால் மைசூர் பாகு

கரியமில வாயு அதிகமாக வந்ததற்காக இனிப்பு சாப்பிட்டவள் நான். ஒருமுறை, இரண்டுமுறை அல்ல, வேலை பார்த்த காலம் முழுக்க. பெங்களூர் பீன்யாவில் எந்தத் தொழிற்சாலையின் பாய்லர் அறைக்குப் போய், புகைபோக்கியில் அளந்துவிட்டு, "பதின்மூன்று" என்று சொன்னாலும் போதும், யாராவது ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்து நிற்பார். உள்ளே நெய் கசியும் மைசூர் பாகு. இப்போது எனக்கிருக்கும் சர்க்கரை வியாதியில் பாதியை அந்த வாயுவின் தலையில்தான் கட்ட வேண்டும்.

இதைச் சொன்னதும் அஃப்ரீன் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஓய்வு பெற்ற பரிசோதனைக்கூடத்தில் அவள் இப்போது வேலை செய்கிறாள். அங்கே புதிதாகக் 'கார்பன் பிரிவு' என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்களாம். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, ஆளுக்கொரு லேப்டாப். "மேடம், நீங்க அந்தக் காலத்துலயே சிஓடூ அளந்தவங்களாமே! உங்க எக்ஸ்பீரியன்ஸை எழுதிக் குடுங்க மேடம். புதுசா சேர்றவங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்றாள். இன்ஸ்பிரேஷனாம்! முதல் ஏணியில் பாதி ஏறும்போதே செருப்பு கழன்று சூப்பர்வைசர் தலையில் விழுந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? சரி, கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது வேலையை விட்டு ஓடினால் நான் பொறுப்பல்ல.

கன்டோன்மென்ட் பக்கம், மாதா கோயிலை ஒட்டிய தெரு எங்களுடையது. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு டீச்சர் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தபோது இந்தக் கூடத்தில் இடம் கிடைத்தது. லேப் என்றால் வெள்ளைக் கோட்டு, குடுவை, நிழல் என்று கற்பனை செய்துகொண்டு போனேன். முதல் வாரமே பீன்யாவில் ஒரு புகைபோக்கிக்குக் கீழே நிறுத்தி, "ஏறும்மா" என்றார்கள். வீட்டில் சொன்னபோது அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். "வயசுப் பொண்ணு கம்பியைப் புடிச்சிக்கிட்டு ஏறறதா? கீழ நிக்கிறவன்லாம் எங்க பாப்பான்?" என்று ஒரே கூப்பாடு. அப்பாவின் பழைய பேண்ட்டை வெட்டி எனக்குத் தைத்துக் கொடுத்ததும் அதே அம்மாதான். பையில் ஜெபமாலையைப் போட்டு, "மேல போனதும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிடு" என்பாள். மேலே போனால் வாயையே திறக்கக் கூடாது, திறந்தால் கந்தகம் தொண்டையைப் பிடிக்கும் என்று அவளுக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை. பயிற்சி என்று வேறெதுவும் கிடையாது. விழாமல் இருக்க வேண்டும், கண்ணாடிச் சாமானை உடைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்றதையெல்லாம் ராவ் சாரிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் எங்கள் டெக்னிக்கல் மேனேஜர். ஒல்லி உடம்பு, கழுத்துவரை பொத்தான், வெயிலோ மழையோ கையில் குடை. யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். பியூனும் அவருக்கு 'அவரு'தான். அந்த மரியாதை மனிதர்களோடு நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. "ஸ்டெல்லா அவரே, சிஓடூ அவரு எஷ்டு பந்தரு?" என்று கீழேயிருந்து கன்னடத்தில் கேட்பார். அதாவது, கரியமில வாயு அவர்கள் எவ்வளவு வந்தார்கள்? கந்தகம் அவரு, ஆக்ஸிஜன் அவரு, தூசு அவரு. நாலு மாதம் அவரோடு சுற்றினால் உங்களுக்கும் புகைபோக்கிக்குள்ளே ஒரு சம்பந்தி வீட்டுக் கூட்டம் உட்கார்ந்திருப்பதாகவே தோன்ற ஆரம்பித்துவிடும்.

அவருடைய இன்னொரு பழக்கம் எங்கள் வயிற்றில் அடித்தது. மூன்று முறை அளந்து, மூன்று முறையும் ஒரே எண் வந்தால்தான் தன் டிபன் டப்பாவைத் திறப்பார். அவர் திறக்காமல் நாங்களும் திறக்க முடியாது. "மூன்று தடவை ஒன்றுபோல வராவிட்டால் அது எண் அல்ல, வதந்தி" என்பார். எண் கொஞ்சம் தள்ளிப்போனால் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "மத்தொம்மே" என்பார். கன்னடத்தில் 'இன்னொரு தடவை' என்று அர்த்தம். என் வாழ்க்கையில் நான் அதிகமாகக் கேட்ட கன்னடச் சொல்லும், அதிகமாக வெறுத்த கன்னடச் சொல்லும் அதுதான்.

அளப்பது எப்படி என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், இப்போது மின்னணுக் கருவியை நீட்டினால் திரையில் எண் வந்துவிடுகிறதே. எங்களிடம் இருந்தது ஒரு மரப்பெட்டி. பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக் கச்சேரிக்குப் போகிறோம் என்று நினைப்பார்கள், அதனால் அதற்குச் சுருதிப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தோம். உள்ளே கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய், பக்கத்தில் காஸ்டிக் பொட்டாஷ் கரைசல் நிரப்பிய குமிழ், ரப்பர் குழாயில் தொங்கும் ஒரு தண்ணீர்ப் பாட்டில். புகைபோக்கியின் ஓட்டையில் கம்பிக்குழாயைச் செருகி, உள்ளேயிருக்கும் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் சரியாக நூறு அளவு இழுக்க வேண்டும். பிறகு தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கினால் வாயு கரைசலுக்குள் போகும், இறக்கினால் திரும்பி வரும். தூக்கு, இறக்கு, மறுபடி தூக்கு. கரியமில வாயுவைக் கரைசல் விழுங்கிவிடும், மிச்சம்தான் திரும்பும். நூறு போய் எண்பத்தேழு வந்தால், காணாமல் போன பதின்மூன்றுதான் நமக்கு வேண்டிய எண். இதை என் தம்பிக்கு விளக்கினபோது, "இல்லாததை அளக்கறதுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்று கேட்டான்.

பதின்மூன்றுக்கு ஏன் இனிப்பு? எண்ணெய் எரிவதற்குக் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் அரைகுறையாக எரிந்து கறுப்புப் புகை வரும். காற்று மிஞ்சிப்போனால் அதுவும் நஷ்டம்தான். வேலையில்லாத காற்று உள்ளே வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, வந்த வழியே போய்விடும், கல்யாண வீட்டில் மொய் வைக்காமல் சாப்பிட்டுப் போகிறவர்கள் மாதிரி. காற்றை அளவாக விட்டால் எண்ணெயிலுள்ள கரி முழுசாக எரிந்து கரியமில வாயு ஆகும், வெளியே போகிற வாயுவில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு அதுவாகவே இருக்கும். ஆகவே பதின்மூன்று என்றால் பாய்லர்காரர் கெட்டிக்காரர் என்று அர்த்தம். எட்டு என்றால் முதலாளியிடம் திட்டு. எந்தப் புண்ணியவான் மைசூர் பாகை இதில் சேர்த்தானோ தெரியாது, பீன்யா முழுக்க அது சட்டமாக இருந்தது.

மேலே போன வாயு எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. மேலேதான் போகிறது, வானம் பெரிசு, வேறென்ன? கந்தகத்துக்கு வரம்பு உண்டு, தூசுக்கு வரம்பு உண்டு, மீறினால் நோட்டீஸ் வரும். கரியமில வாயுவுக்கு வரம்பே கிடையாது. எங்கள் விசாரணையில் அது குற்றவாளி அல்ல, நல்ல சாட்சி.

அந்தச் சாட்சியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர் கோவிந்தராஜ். திருப்பத்தூர்க்காரர், பீன்யாவில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்குச் சாயம் ஏற்றவும் உலர்த்தவும் நாள் முழுக்க நீராவி வேண்டும், அதற்கு நாள் முழுக்க எண்ணெய் எரிய வேண்டும். கோவிந்தராஜ் அடிக்கடி வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, புகைபோக்கியின் நுனியை அண்ணாந்து பார்ப்பார். ஒரு இழை புகை தெரிந்தாலும் உள்ளே ஓடுவார். காற்று விடுகிற கதவுக்கு டேம்பர் என்று பெயர். அதன் கைப்பிடியை அவர் திருப்புகிற அழகைப் பார்க்க வேண்டும், வீணையில் சுருதி கூட்டுகிற மாதிரி விரல்நுனியால் தொடுவார்.

"இன்னா மேடம், எத்தினி வந்துச்சு?" என்பார் நான் இறங்குவதற்குள்.

"பதிமூணு."

"அடிச்சேன் பாத்தியா! நம்ப புகைபோக்கில காக்கா கூடு கட்டலாம் மேடம். அவ்ளோ சுத்தம்."

பாய்லர் அறை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். அதில் சாக்பீஸால் பெரிதாக 'சிஓடூ 13%' என்று ஆங்கிலத்தில் எழுதி, சுற்றிலும் பூ வரைந்து, ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். வினை அங்கேதான் இருந்தது.

நான் ஓய்வு பெறச் சில வருடங்கள் இருந்தபோது அந்தப் பட்டறையின் பெரியவர் ஒதுங்கிக்கொண்டு மகன் கிரண் பொறுப்புக்கு வந்தார். எம்.பி.ஏ. படித்த பையன், பேச்சில் மரியாதை உண்டு, கொஞ்சம் அவசரம். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற கம்பெனி ஒன்று அவர்களுக்குச் சொல்லியனுப்பியது. பூமி சூடாவதற்குக் காரணமான வாயுவை நீங்கள் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் வேறிடம் போகும். அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்தார். கிரண் கூடவே நடந்தார். பாய்லர் அறை வாசலில் அந்த ஆள் நின்று, பூ வரைந்த கரும்பலகையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

கிரணுக்குத் தெரியவில்லை. கோவிந்தராஜைப் பார்த்தார்.

கோவிந்தராஜ் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "சிஓடூ சார்! பீன்யாலயே நம்ப பாய்லர்லதான் ஜாஸ்தி!"

பிறகு நடந்ததைக் கோவிந்தராஜ் எனக்குப் போனில் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கோ சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடிக்க வேண்டியிருந்தது. கடவுள் மன்னிப்பார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"நாலு பேரு எதிர்ல சின்ன சார் என்னைக் கொலகாரன் கணக்கா பேசிட்டாரு மேடம். எத்தினி வருசமா இப்படி வுட்டுக்கினு கீறேன்னு கேக்குறாரு. பதினெட்டு வருசமா சார்னேன், பெருமையாதான் சொன்னேன். ஒண்ணாந்தேதிக்குள்ள பாதியா கொறைக்கணுமாம். இல்லாட்டி அடுத்த யூனிட் ஆளைக் கூட்டியாறாராம். அவன் பாய்லர்ல ஆறுதான் வருதாம்."

அடுத்த யூனிட் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். பீன்யாவிலேயே மோசமான பாய்லர்காரர் அவர்தான். டேம்பரை அகலத் திறந்துவிட்டு நாற்காலியில் தூங்குவார். ஆறு வராமல் என்ன வரும்? அந்த மனிதரை நிபுணர் என்று சொல்லிக் கோவிந்தராஜின் இடத்தில் உட்காரவைக்கப் போகிறார்கள். 'வாயுவைக் கூட்டினவன்' என்று துரத்திவிட்டால் ஐம்பது தாண்டிய கோவிந்தராஜை வேறெந்தப் பட்டறையும் சேர்க்காது. அவரிடம் இருந்ததெல்லாம் பாய்லர் சர்ட்டிஃபிகேட்டும் அந்தப் பதின்மூன்றும்தான்.

நான் போனபோது பாய்லர் அறையில் காற்று தள்ளுகிற விசிறி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கோவிந்தராஜ் டேம்பரை முழுக்கத் திறந்து வைத்திருந்தார். கரும்பலகையில் பூவைக் காணோம், வெறும் '6%' மட்டும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிரண் மட்டும் சந்தோஷமாக வரவேற்றார். மைசூர் பாகு இல்லை, பச்சைத் தேநீர் கொடுத்தார்கள். அதுவே எனக்கு அபசகுனமாகப் பட்டது.

"மேடம், பாதிக்குப் பாதி குறைச்சிட்டோம்! ஒரு சர்ட்டிஃபிகேட் குடுத்தீங்கன்னா அனுப்பிச்சிடலாம்" என்றார்.

"ராவ் சார் வந்து பாக்கணும் சார்" என்று நழுவினேன்.

ராவ் சாருக்கு அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. தனியார் கூடம் என்பதால் யாரும் அவரை ஓய்வு பெறச் சொல்லவில்லை, சொன்னாலும் மத்தொம்மே என்றிருப்பார். குடையோடு வந்தார், கரும்பலகையைப் பார்த்தார், ஊளையிடும் விசிறியைக் கேட்டார். "சிஓடூ அவரு எங்கேயும் போகவில்லை" என்றார் கிரணிடம், கன்னடத்தில், மெதுவாக. "கூட்டத்தில் நிற்கிறார்."

கிரணுக்குப் புரியவில்லை. ராவ் சார் விளக்கவும் இல்லை. அளந்து பார்த்தால் தெரியும் என்றார். ஒரே நாளில், ஒரே அளவு நீராவிக்கு, முதலில் டேம்பர் பழைய இடத்தில், பிறகு முழுக்கத் திறந்து. இரண்டு தடவையும் வாயு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று மட்டுமல்ல, புகைபோக்கியில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். கூடவே எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது என்றும்.

வேகத்தை அளப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வளைந்த மூக்குள்ள ஒரு குழாயைப் புகைபோக்கிக்குள் விட்டு, அதில் படுகிற அழுத்தத்தைப் பக்கத்தில் தொங்கும் கண்ணாடிக் குழாயின் நீர்மட்டத்தில் பார்க்க வேண்டும். ஓரத்தில் வாயு மெதுவாகப் போகும், நடுவில் விரையும், அதனால் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி ஒவ்வொரு இடத்திலும் குறிக்க வேண்டும். நீர்மட்டம் ஒரு இடத்தில் நிற்காது, குழந்தை மாதிரி குதிக்கும். அது அடங்குகிறவரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் புகைபோக்கியின் இரும்பு கொதிக்கிறது, மேலே பீன்யா வெயில். என் முழங்கால்கள் ஏணியின் ஒவ்வொரு படியிலும் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டின. முப்பது வருடத்துக்கு முன்னால் ஏறின அதே ஏணி மாதிரிதான், உயரம் மட்டும் யாரோ கூட்டிவிட்டார்கள்.

கீழே குடைக்குள் ராவ் சார். குடைக்கு வெளியே வெயிலில் கோவிந்தராஜ், கைகட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. முதல் சுற்றில் இரண்டு எண்கள் ஒத்துப்போயின, மூன்றாவது கொஞ்சம் தள்ளியது.

"மத்தொம்மே!"

அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து வேறெப்படியோ முடித்தேன். மறுபடி அளந்தேன். ஒத்துப்போனது. டேம்பரைத் திறந்தார்கள், விசிறி ஊளையிட்டது, மறுபடி எல்லாம் முதலிலிருந்து. சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. டிபன் டப்பா மூடியே இருந்தது.

கிரணின் அறையில் எண்களை அவர் முன்னால் வைத்தோம். பங்கை வேகத்தால் பெருக்குங்கள் என்று நான் மட்டும் சொன்னேன். கிரண் போனை எடுத்துத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் தட்டினார். ராவ் சார் முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"குறையலையே" என்றார் கிரண். "ஜாஸ்தி ஆயிருக்கு. காத்தைக் கலந்துதான் ஆறுன்னு காட்டியிருக்கோம். சாம்பார்ல தண்ணியை ஊத்திட்டு உப்பு குறைஞ்சிடுச்சுன்ற மாதிரி."

"அதோட, கலந்த காத்தையும் சேத்து சூடாக்கணும் சார். அதுக்கு எண்ணெய் கூட வேணும்" என்றேன்.

"அதான் டேங்கர் சீக்கிரம் சீக்கிரமா வருதா? நான் டிரைவர் திருடறான்னு நெனச்சிட்டிருந்தேன்." கிரண் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய நல்ல குணம் அதுதான், தப்பு என்று தெரிந்தால் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்ற மாட்டார். அப்போதே எழுந்துபோய்க் கோவிந்தராஜைக் கூப்பிட்டு, நாலு பேர் எதிரில் திட்டினதை நாலு பேர் எதிரிலேயே வாபஸ் வாங்கினார். கோவிந்தராஜ் டேம்பரைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். ஊளை நின்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கிரண் திரும்பி வந்து உட்கார்ந்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"சரி சார். அப்ப இதை நிஜமா குறைக்கறது எப்படி?"

"எண்ணெய் எரிப்பதை நிறுத்தினால் குறையும்" என்றார் ராவ் சார்.

"வேற வழி?"

"கொஞ்சமாக எரிக்கலாம்."

"வேற?"

ராவ் சார் டிபன் டப்பாவைத் திறந்தார்.

கிளம்புகிறபோது கோவிந்தராஜ் வாசல்வரை கூட வந்தார். வேலை பிழைத்துவிட்டது, முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. ஆனால் ஒன்று அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு கிலோ எண்ணெய் எரிச்சா மூணு கிலோவுக்கு மேல வாயு வருதுன்னு சின்ன சார் சொல்றாரு. கத வுடறாரா? ஒரு கிலோ போட்டா மூணு கிலோ எங்கேர்ந்து மேடம் வரும்?"

"நெஜந்தான். எண்ணெய்ல இருக்கற கரி காத்துல இருக்கற ஆக்ஸிஜனைச் சேத்துக்குது. எடை அங்கேர்ந்து ஏறுது."

"புகையே இல்லியே மேடம். கண்ணுக்கே தெரியலியே."

"தெரியாது. கரிப்புகைன்னா கொஞ்ச நாள்ல கீழ விழுந்துடும், காயற துணியில படியும், சண்டைக்கு வருவாங்க. இது விழாது. மேலயே ரொம்பக் காலம் நிக்கும், நம்ம பேரன் பேத்தி காலம் தாண்டியும். வெயிலை உள்ள விடும், தரை சூடாகி அந்தச் சூடு திரும்பி மேல போறப்ப புடிச்சு வெச்சுக்கும். கம்பளி போத்தின மாதிரி. நாம எல்லாரும் சேந்து கம்பளி மேல கம்பளியா போட்டுக்கிட்டே இருக்கோம்."

கோவிந்தராஜ் வழக்கம்போல அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார். நுனியில் ஒன்றுமே இல்லை, வெறும் வானம். அந்த ஒன்றுமில்லாததை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கொடுத்த உண்மையான எண்களைக் கிரண் அந்தக் கம்பெனிக்கு அப்படியே அனுப்பினார். எங்கள் நிலைமை இதுதான், இந்த வருடத்துக்குள் எண்ணெயை விட்டுவிடுகிறோம் என்றும் எழுதினார். கூரைமேல் வெயிலில் தண்ணீர் சூடாக்கும் குழாய்கள் வந்தன. எண்ணெய் பாய்லருக்குப் பதிலாகக் கடலைத்தோலை அமுக்கிக் கட்டிகளாக்கி எரிக்கிற புது பாய்லருக்கு ஆர்டர் போட்டார்கள். கோவிந்தராஜின் வேலையைக் காப்பாற்றிய அதே எண்கள் அவருடைய பாய்லருக்கு வேட்டு வைத்துவிட்டன.

"காப்பாத்த வந்தீங்களா, பொதைக்க வந்தீங்களா மேடம்?" என்று போனில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

புது பாய்லர் எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புகைகிறது! கடலைத்தோல் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் போதும், குப்குப்பென்று வெளியே தள்ளும். பின்தெருவில் துணி காயவைக்கிற பெண்கள் இரண்டு தடவை வாசலுக்கு வந்து கத்திவிட்டுப் போனார்கள். பதினெட்டு வருடம் ஒரு இழை புகை விடாத மனிதர் கையில் துடைப்பம் மாதிரி சாம்பல் வாரியோடு நின்று வாங்கிக் கட்டிக்கொண்டார். "புகை வுடாதப்போ கெட்டவன்னாங்கோ. இப்ப புகை வுடறேன், நல்லவன்றாங்கோ. இன்னா மேடம் உங்க சயின்ஸு?" என்றார். கடலைச்செடி போன மழைக்குக் காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான் இது திரும்பக் கொடுக்கிறது, அடுத்த மழைக்கு வேறு செடி அதை எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். எண்ணெய் அப்படியல்ல, மனிதன் பிறப்பதற்கு முன்பே பூமிக்கடியில் அடங்கிக் கிடந்த கரி, நாம் தோண்டி எழுப்பி மேலே அனுப்புகிறோம். வந்த விருந்தாளி திரும்பிப் போவதற்கும் கல்லறையிலிருந்து ஒருவர் எழுந்து வீட்டுக்கு வருவதற்கும் வித்தியாசம் இல்லையா? கோவிந்தராஜ் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பாய்லரின் டேம்பரையும் வசப்படுத்திப் புகையைக் குறைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆள் சும்மா இருக்க மாட்டார்.

ஆனால் அஃப்ரீன், நான் எழுத நினைத்தது பழைய பாய்லரை அணைத்த நாளைப் பற்றித்தான்.

காலையிலேயே கோவிந்தராஜ் போன் செய்தார். "கடைசியா ஒரு தடவ வந்து அளந்துட்டுப் போங்க மேடம்." அளந்து என்ன ஆகப்போகிறது, யாருக்கும் அந்த எண் வேண்டாம். போனேன். அந்தப் பழைய சுருதிப்பெட்டியையே எடுத்துக்கொண்டு போனேன், மின்னணுக் கருவி எதற்கு? கூடத்து வாசலில் பஸ் ஏறினதிலிருந்து பீன்யா வரை ஒரே நெரிசல். ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் ஒரு சின்னப் புகைபோக்கி இருப்பதை அன்றைக்குத்தான் எண்ண ஆரம்பித்தேன், பாதியில் பயந்து விட்டுவிட்டேன்.

கோவிந்தராஜ் புதுச் சட்டை போட்டிருந்தார். பாய்லரைத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார். கரும்பலகையில் பூ திரும்ப வந்திருந்தது, நடுவில் மட்டும் காலி. நான் ஏணியில் ஏறினேன். டேம்பரை விரல்நுனியால் தொட்டுத் தொட்டு அவர் ஏதோ செய்துகொண்டே இருந்தார். நூறு இழுத்தேன், பாட்டிலைத் தூக்கினேன், இறக்கினேன். நீர் வந்து நின்ற கோட்டை நம்ப முடியாமல், யாரும் சொல்லாமலே, இன்னும் இரண்டு தடவை அளந்தேன்.

"எத்தினி மேடம்?"

"பதிமூணரை கோவிந்தராஜ். மூணு தடவையும்."

இத்தனை வருடத்தில் எந்தப் பாய்லரிலும் நான் பார்க்காத எண் அது. அதற்குமேல் வந்தால் புகைய ஆரம்பித்துவிடும், அந்த விளிம்பில் அதை நிறுத்தியிருந்தார். நான் இறங்கி வந்தபோது அவர் கையில் மைசூர் பாகு பெட்டி இருந்தது. விடிகாலையிலேயே வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் திறக்கவில்லை. மூடிமேல் கையை வைத்துக்கொண்டு புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு வீணாக்கல மேடம்" என்றார். "பதினெட்டு வருசம். அத்தினியும் மேல அனுப்ச்சிட்டேன்."

அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்து, ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தேன். இன்னொன்றை நான் போட்டுக்கொண்டேன்.

பொய் சொல்ல மாட்டேன் அஃப்ரீன், நன்றாகத்தான் இருந்தது.